ருசி பார்க்காத கஞ்சி

1

போன வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தார்கள். எடுத்தார்கள் என்று சொன்னால் ஏதோ பூப்பறித்த மாதிரி இருக்கிறது. ஈறைக் கீறி, எலும்புக்குள் குறுக்கே படுத்துக் கிடந்ததை உடைத்து, துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்தார்கள். அப்புறம் தையல், பஞ்சு, கன்னத்தில் வைத்துக்கொள்ள ஐஸ் பை, கடைசியாக ஒரு தாள். ஜெர்மனியில் கையில் தாள் கொடுக்காமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள்.

மெல்லாமல் விழுங்கலாம் என்று அந்தத் தாளில் போட்டிருந்ததெல்லாம் மீன் மசியல், முட்டை, கோழி சூப். "நான் சைவம்" என்றேன். மரத்துப்போன வாயோடு பேசியதில் என் ஜெர்மன் இலக்கணம் பாதி எச்சிலோடு வழிந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கோழியை மட்டும் பேனாவால் அடித்து, மீன் இருக்கட்டும் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தச் சண்டையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் யாரும் இல்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் யாழினி பெர்லினில் தனியாக இருக்கிறாள். "சூப் ஆர்டர் பண்ணி அனுப்பட்டுமா?" என்று கைப்பேசியில் கேட்டிருந்தாள். கூடவே சிரிக்கிற பல் பொம்மை ஒன்று. வேண்டாம் என்று எழுதிவிட்டு, நொய்யும் பாசிப்பருப்பும் களைந்து குக்கரில் வைத்தேன். குழைந்ததும் கடைந்து, உப்புப் போட்டு, கரண்டி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பல் வலியால் இல்லை. இதே கஞ்சியை அண்ணனுக்கு வைத்துக் கொடுத்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

2

அண்ணன் ஏகாம்பரம் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டில் வீடு. முன்கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அவர், இன்னொன்றில் அண்ணி கஸ்தூரி. அப்பா, அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அவர்கள் இரண்டு பேரும்தான். அண்ணன் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இல்லாத நேரத்தை நான் பார்த்ததே இல்லை. திட்டினால், "தறியில ஒக்காந்துக்கினு வேற இன்னாத்த மெல்றது?" என்று சிரிப்பார்.

நாக்கின் ஓரத்தில் வந்த புண் ஆறவில்லை. சென்னைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நாக்கில் ஒரு பகுதியையும் உள்கன்னத்தையும் எடுத்துவிட்டு, கையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்தார்கள். மூக்கில் குழாய் போட்டுத்தான் கொஞ்ச நாள் சாப்பாடு போனது. அந்தக் குழாயை எடுத்த அன்று அண்ணி போன் செய்தார்.

"இனிமே வாயால குடுக்கலாமாம்மா. எடை எறங்காம காப்பாத்திக்கினா அப்பிடியே கரண்ட் வெக்க ஆரம்பிச்சிடுவாங்களாம். எறங்கிச்சின்னா மறுபடியும் டியூப்தானாம். அந்த டியூபுன்னாலே அவரு டாக்டரக் கையெடுத்துக் கும்புடுறாரும்மா. நீ வர முடியுமா?"

கரண்ட் என்று ஊரில் சொல்வது புற்றுநோய்க்கு வைக்கிற கதிர்வீச்சை. ஆக, விஷயம் இவ்வளவுதான். அண்ணன் வாயால் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் குழாய் இல்லை.

அலுவலகத்தில் விடுப்புக் கேட்டேன். ஆள் நிர்வாகத்தைப் பார்க்கும் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே, "உங்கள் அண்ணனுக்கு மனைவி இருக்கிறாரா?" என்றாள். இருக்கிறார் என்றேன். "பிறகு நீங்கள் எதற்கு?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவள் முன்னால் இருந்த கட்டத்தை நிரப்ப அவளுக்கு ஒரு பதில் வேண்டும். சம்பளம் இல்லாத விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

3

போய் இறங்கிய அன்றே அண்ணியிடம் சொன்னேன். "அண்ணன் சாப்பாட்ட நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க தறியப் பாருங்க." முகூர்த்த மாதம். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை நின்றுகொண்டிருந்தது. அண்ணன் வேலையையும் சேர்த்து அவர் ஒருவரே பார்க்க வேண்டும். "சரிம்மா" என்றார். ஆனால் அடுப்படியை முழுசாக விட அவருக்கு மனசு வரவில்லை. காலையில் தறியில் உட்காரும் முன் நொய்யையும் பருப்பையும் குழைய வேகவைத்து மூடி வைத்துவிட்டுப் போவார். காய் சேர்ப்பது, அரைப்பது, நெய் விடுவது, கொடுப்பது என் வேலை.

எங்கள் வீட்டுச் சமையலில் ஒரு சட்டம் உண்டு. வெந்தது எதுவானாலும் முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சாமி படத்துக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன் யார் நாக்கிலும் படக்கூடாது. உப்பு கைக்கணக்கு, புளி கண்கணக்கு. காட்டியதில் ஒரு பிடி காக்காய்க்கு. ஜெர்மனியில் இதெல்லாம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. அங்கே கரண்டியை நக்காமல் நான் ஒரு ரசத்தைக்கூட இறக்குவதில்லை.

முதல் நாள் பழக்கதோஷத்தில் கரண்டி வாய் வரைக்கும் போய்விட்டது. அண்ணி பார்த்துவிட்டார். "சாமிக்கு இன்னும் காட்டலியேம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் காபி கொடுத்தபோது "தாங்க்ஸ் அண்ணி" என்று சொல்லி, "இன்னாமா, கடக்காரன்கிட்ட சொல்ற மாதிரி சொல்ற" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஊர் மாறினாலும் ஆள் மாறவில்லை என்று அந்த வீட்டில் காட்டிக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. அன்றிலிருந்து, சாமிக்குக் காட்டிய பிறகும்கூட, கரண்டியை வாயருகே கொண்டுபோகவே இல்லை.

4

அண்ணன் மெல்ல முடியாது. புளி, மிளகு, எலுமிச்சை, தக்காளி எதுவும் ஆகாது. சூடும் ஆகாது. சர்க்கரை நோய் இருப்பதால் இனிப்பைச் சேர்த்து எடையை ஏற்றவும் வழியில்லை. இதற்குள் சத்துள்ளதாக என்ன கொடுப்பது என்பதே என் நாள் முழுக்க நினைப்பு.

நொய்க் கஞ்சியோடு பரங்கிக்காயோ சுரைக்காயோ வேகவைத்துச் சேர்த்து, மிக்ஸியில் நைசாக ஓட்டி, உப்புப் போட்டு, நெய் விட்டுக் கொடுப்பேன். அதுதான் பிரதான சாப்பாடு. நடுவில் கேழ்வரகை முளைகட்டி அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிய பால். வேர்க்கடலையையும் பாதாமையும் ஊறவைத்து அரைத்து ஒரு தம்ளர். சாயங்காலம் இளநீர் வழுக்கையை அடித்துக் கொடுப்பேன். சூடு சரியா என்று ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன், கைக்குழந்தைக்குப் பால் பார்ப்பது மாதிரி. அந்தச் சொட்டையும் புடவையில் துடைத்துக்கொள்வேன், நக்க மாட்டேன்.

கேழ்வரகுப் பாலை அண்ணன் குடித்துவிடுவார். கடலைப் பாலும் இறங்கும். கஞ்சி வந்தால்தான் வம்பு. முதல் வாய்க்கே நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கண்ணில் தண்ணீர் தளும்பும். கையால் வாயைக் காட்டி விசிறுவார். அவருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். காயம் ஆறும்வரை எரிச்சல் இருக்கும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "ஆறிக்கினு வருதுண்ணா, அதான் எரியுது" என்று நானும் அதையே சொன்னேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு பங்காளி, நல்ல மனுஷன், கோயில் இட்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் மணக்கிற இட்லி. அண்ணனுக்கு அது உயிர். அண்ணன் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்து ஆழமாக முகர்ந்துவிட்டு, திரும்பத் தட்டிலேயே வைத்தார். வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான்பா, அப்பறம் நீதான் எங்களுக்கு வாங்கித் தரணும்" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே எழுந்து போனார்.

நாளாக ஆகக் கஞ்சி உள்ளே போவது குறைந்தது. தம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார், தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். சட்டைக்குள் உடம்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. பிழைக்கிற ஆசையே விட்டுப்போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரு மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன்.

"இதுக்காண்ணா நான் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தேன்? பொழைக்கணும்ன்ற நெனப்பு இருக்குதா இல்லியா ஒனக்கு? அந்தக் கசப்பு மாத்திரையெல்லாம் முழுங்கற, நான் ஆசையா வெச்ச கஞ்சி மட்டும் எறங்க மாட்டேங்குதா?"

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு தம்ளரை வாங்கி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் முழுதும் குடித்தார். கண்ணீர் தாடையில் இறங்கியது. குடித்து முடித்ததும் காலித் தம்ளரைக் கவிழ்த்து எனக்குக் காட்டினார். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

5

மறு பரிசோதனைக்குப் போனோம். டோக்கன் ஒரு ஜன்னலில், காப்பீட்டு அட்டை இன்னொரு ஜன்னலில், கையெழுத்து வாங்க மாடி. "அட்டையில இனிஷியல் இல்லம்மா, ஆதார்ல இருக்குதே" என்று ஒருவர் நிறுத்தினார். ஜெர்மனியில் தாள்களோடு பழகிய தைரியத்தில் நான் பேசப் போனேன். என் தமிழில் எங்கோ ஒரு 'ப்ளீஸ்' விழுந்ததும், அவர் இன்னும் நிதானமாகிவிட்டார். கடைசியில் அண்ணிதான், "அண்ணே, நோவாளிய நிக்க வெச்சிக்கினு இருக்கிறோம், சட்டுனு பாத்து வுடுங்கண்ணே" என்று ஒரே வார்த்தையில் காரியத்தை முடித்தார்.

எடை இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது. டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். தையல் ஓரமெல்லாம் சிவந்து வெந்துபோன மாதிரி இருக்கிறது என்றார். காரமாக ஏதாவது கொடுத்தீர்களா? இல்லை. சூடாக? இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் தலை நிமிர்ந்து பதில் சொன்னேன். உப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அளவாகத்தான் போடுகிறோம் என்று சொல்லியிருப்பேன்.

இப்படியே விட்டால் கரண்ட் வைப்பதை உடம்பு தாங்காது, குழாய் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, தோளைத் தட்டினார். அண்ணன் அடுத்ததாக என்னைப் பார்த்தார். நான் பேசி நிறுத்திவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6

குழாயில் சிரிஞ்சால் செலுத்துவதற்குக் கஞ்சியை இன்னும் நீர்க்க அரைத்து, இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். மறுநாள் காலை நான் வழக்கம்போல் சாமிக் கிண்ணத்தை எடுத்தபோது அண்ணி தடுத்தார்.

"டியூபுல போறத சாமிக்குக் காட்ட வாணாம்மா. எனக்கு மனசு ஒப்பல."

சரி என்றேன். அவர் தறிக்குப் போய்விட்டார். முன்கூடத்திலிருந்து தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அரைத்து, உப்புப் போட்டு, வடிகட்டிக்கொண்டிருந்தேன். கரண்டி விளிம்பில் ஒரு துளி வழிந்தது. சாமிக்குக் காட்டாததால் காக்க வேண்டிய சட்டம் எதுவும் இல்லை. வேறு நினைப்பில் இருந்தேன். கை தானாகப் போய் நாக்கில் வைத்துவிட்டது.

கரித்தது. சாதாரணமாக இல்லை, துப்ப வேண்டியிருந்தது.

என் கை தவறிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு குக்கரில் அண்ணி வைத்துவிட்டுப் போயிருந்த வெறும் கஞ்சியில் ஒரு துளி எடுத்து வைத்துப் பார்த்தேன். அதிலேயே தாராளமாக உப்பு இருந்தது. அதன்மேல்தான் நான் தினமும் என் கைக்கு உப்பு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு உப்பு தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும் என்பது வீட்டுக்கே தெரியும். ஆசைக்குக் கொஞ்சம் கூடவே போட்டிருந்தேன். கேழ்வரகுப் பால் ஏன் இறங்கியது என்றும் அப்போது புரிந்தது. அதை ஆரம்பத்திலிருந்து நான் ஒருத்திதான் செய்தேன்.

கரண்டியோடு போய்த் தறி முன்னால் நின்றேன்.

"அண்ணி, கஞ்சிக்கு உப்பு போடுறீங்களா?"

"ஒல வெக்கும்போதே போட்டுடுவனே. ஏம்மா?"

"நானும் போடுறேன்."

தறி நின்றுவிட்டது. அண்ணி கையிலிருந்த, ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைக்கவில்லை.

"நீ போட மாட்டன்னு நெனச்சிக்கினேம்மா" என்றார். "வெளிநாட்டுல எல்லாம் சப்புன்னுதான் சாப்புடுவாங்கன்னு சொல்வாங்களே. இவரு உப்பில்லாத கஞ்சிய எப்பிடி குடிப்பாருன்னு... ஒரு கை தூக்கலாவே போட்டுக்கினு இருந்தேன்."

"ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"ஆசையா செய்ற. நடுவுல நானு கைய வெக்கிறேன்னு நீ நெனச்சிக்குவன்னு சொல்லல. வாய் எரியுதுன்னு அவரு கையால காட்டுனாரும்மா. தெனமும் காட்டுனாரு."

நானும் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் சமையலைச் சோதிக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்றுதான் நானும் கேட்கவில்லை. அண்ணனுக்கோ வெட்டியது போக மிச்சமிருந்த நாக்கில் ருசி தெரியாது, எரிவது மட்டும்தான் தெரியும். காயம்தான் எரிகிறது என்று அவரும் நம்பியிருக்கிறார். அந்தக் கஞ்சியைச் சுவைத்துப் பார்த்த ஒரே ஜீவன் காக்காய்தான்.

இரண்டு பேரும் போய் அண்ணனிடம் சொன்னோம். அண்ணிதான் சொன்னார், நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோள் குலுங்கியது. குழாயும் சேர்ந்து ஆடியது. சிரித்தாரா, அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு நல்ல கையை நீட்டி, அண்ணி தலையில் ஒரு தட்டு, என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

7

டாக்டரிடமும் சொன்னேன். உப்பும் ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது, உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள் என்றார். குழாயை இப்போது எடுக்க முடியாது, கரண்ட் வைத்து முடியட்டும் என்றார். என் விடுப்பு அதற்கு வெகுநாள் முன்பே முடிந்துவிட்டது.

திரும்பி வந்த பிறகு யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தமிழும் ஜெர்மனும் கலந்து கேட்டாள். "அம்மா, நீங்க இங்க எப்பவும் டேஸ்ட் பண்ணுவீங்களே. அங்க ஏன் பண்ணல?" சாமி, வழக்கம், அண்ணி என்று ஏதேதோ சொன்னேன். "சரி. ஆனா ஏன் ஒருத்தரும் ஒருத்தர கேக்கல?" என்றாள். அதட்டலாக இல்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. அவளை நான் அந்த வீட்டுக்கு அடிக்கடி கூட்டிக்கொண்டு போயிருந்தால் புரிந்திருக்குமோ என்று நினைத்தேன். புரியாமல் இருப்பதே நல்லதோ என்றும் தோன்றியது. போனை வைத்துவிட்டேன்.

கரண்ட் வைத்து முடிந்ததும் குழாயை எடுத்துவிட்டார்கள். அண்ணன் வாயால்தான் சாப்பிடுகிறார், குழைவாக, கொஞ்சம் கொஞ்சமாக. நான் அதைக் கைப்பேசித் திரையில் பார்க்கிறேன். பேச்சும் வந்திருக்கிறது, ஆனால் பாதி எனக்குப் புரிவதில்லை. "இன்னா சொல்றாரு அண்ணி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கிறது. அண்ணி சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்த வீட்டில் இப்போது முதல் கரண்டியை அண்ணிதான் சுவைக்கிறாராம், சாமிக்கு அப்புறம்தானாம். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. அந்த இரண்டாவது குழாயை அண்ணன் போட்டுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

8

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

நான் கிளம்பிய அன்று வாசலில் கார் நின்றது. பெட்டியை ஏற்றியாயிற்று. தூரப் பயணம் போகிறவர்களுக்குத் தயிர் சோறு கொடுத்து அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணி கிண்ணத்தை எடுத்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். மூக்கில் குழாய், அதைக் கன்னத்தோடு சேர்த்து ஒட்டிய பிளாஸ்திரி, கழுத்து எலும்பு தெரிகிற சட்டை. நின்றபடியே சோற்றைக் கையால் பிசைந்தார். பருக்கை ஒன்றுகூட இல்லாமல் குழைகிற வரைக்கும் பிசைந்தார், தனக்கு நாங்கள் குழைத்த மாதிரியே. தயிர் ஊற்றிக் கலந்து, ஓர் உருண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

வாயில் போட்டேன். உப்பே இல்லை.

அவர் உப்புப் போடாததை அண்ணியும் பார்த்திருக்க வேண்டும். கை உப்பு ஜாடிக்குப் போனது. வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். மறந்துவிட்டாரா, பயந்து போடாமல் விட்டாரா என்று அண்ணனைக் கேட்கவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்குகிற வரைக்கும் அவருடைய தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. பிறகு புருவத்தைத் தூக்கி, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுண்ணா" என்று சொல்லி, மறுபடியும் கையை நீட்டினேன்.